ஜம்போ பேக் அனுப்பிட்டேன், 21 லட்சம் நிக்குது, இப்ப லூப் பிஞ்சிடுச்சுன்னு சொல்றாங்க: ஒரு வாசகிக்கு வழக்கறிஞர் பதில்

கோயம்புத்தூர் பக்கத்துல இருந்து ஒரு வாசகி ஏழு பக்கத்துக்கு எழுதியிருக்காங்க. ஆள் யாருன்னு தெரியற விஷயத்தை எல்லாம் எடுத்துட்டு சுருக்கமா சொல்றேன். 2016ல வீட்டுக்காரரோட சேந்து சின்னதா ஒரு ஜம்போ பேக் (ஒரு டன் மாதிரி சரக்கு பிடிக்கற பெரிய பை) யூனிட் ஆரம்பிச்சிருக்காங்க, பிபி (பாலிபுரொப்பிலீன்) துணி ரோலா வாங்கி, வெட்டி, தூக்கறதுக்கு லூப் வச்சுத் தைச்சு, பிரிண்ட் அடிச்சு, லைனர் (உள்பை) போட்டுக் குடுக்கற வேலை. 16 பேர் வேலை பாக்கறாங்க, அதுல 12 பேர் பெண்கள். ஆந்திராவுல மினரல் பவுடர் அரைச்சு ஏத்துமதி பண்ற ஒரு கம்பெனிக்கு நாலு இன்வாய்ஸ்ல சரக்கு போயிருக்கு, மொத்தம் சுமார் 27 லட்சத்து 60 ஆயிரம். முதல் லோடு போய் 19 மாசம், கடைசி லோடு போய் 14 மாசம். 10 மாசம் முன்னாடி எந்த இன்வாய்ஸுக்குன்னு சொல்லாம 6 லட்சம் போட்டுவிட்டாங்க, அதோட சரி. மீதி 21 லட்சத்து 60 ஆயிரம் நிக்குது. கேட்டா, மூணாவது லாட்ல 900 பைல 11 பை தூக்கும்போது லூப் பிஞ்சிடுச்சு, அதனால 8 லட்சத்துக்கு டெபிட் நோட் (அவ்வளவு தொகையைப் பாக்கியில கழிச்சுக்கறோம்னு சொல்ற சீட்டு) போட்டிருக்கோம்னு சொல்றாங்களாம். அந்தப் புகாரே சரக்கு போய்ச் சேந்து 70 நாள் கழிச்சு வாட்ஸ்அப்ல போட்டோவாத்தான் வந்திருக்கு. பிஓவுல (அவங்க குடுத்த ஆர்டர் பேப்பர்ல) 90 நாள் கிரெடிட்னு இருக்கு, வழக்குன்னா ஆந்திராவுல அவங்க ஊர் கோர்ட்லதான்னும் இருக்கு. கையில தேதி போடாத 5 லட்ச ரூபாய் செக் ஒண்ணு செக்யூரிட்டியா இருக்கு. இவங்க வியாபாரத்துல பாதிக்குக் கொஞ்சம் கம்மி இந்த ஒரே கம்பெனிதான். போலீசுக்குப் போகட்டுமா, என்சிஎல்டிக்கு (கம்பெனி திவால் வழக்குகளைப் பாக்கற தீர்ப்பாயம்) போகட்டுமா, இல்ல 8 லட்சத்தை விட்டுக்குடுத்து மீதியை வாங்கிக்கட்டுமான்னு கேக்கறாங்க.

கடிதத்தோட ஆறாவது பக்கத்துல ஒரு வரி எழுதிட்டு அடிச்சிருக்கீங்கம்மா, ஆனாலும் படிக்க முடிஞ்சது. "அந்த லாட்டுக்கு லூப் தையல் போட்டது புதுசா சேந்த ரெண்டு பேர், எனக்கே மனசுல ஒரு சின்ன சந்தேகம்." நான் அங்க இருந்துதான் ஆரம்பிக்கப் போறேன், சட்டம் அப்புறம்.

ஏன்னா ஒரு டன் சரக்கு தலைக்கு மேல தொங்குது, கீழ ஒரு ஆள் நிக்கறான். இந்தத் தடவை யாருக்கும் அடிபடலைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. பை நிஜமாவே தையல்ல தப்பா, இல்ல அவங்க கையாண்ட விதத்துல தப்பான்னு தெரியாம நான் நோட்டீஸ் அடிச்சா நாளைக்கு கவுன்சில் (சிறு தொழில்காரங்களோட பாக்கித் தகராறைப் பாக்கற அரசு அமைப்பு) முன்னாடி உங்களையே கேக்கற கேள்விக்கு பதில் இருக்காது. எங்க மாமா ஈரோட்ல சாக்கு மண்டி வச்சிருந்தார், சணல் கோணி காலம் அது, ஒவ்வொரு லாட்லயும் ரெண்டு சாக்கை எடுத்துக் கட்டி பரண்ல போட்டு வைப்பார், வருஷம் கழிச்சு யாராவது பேச வந்தா அதைத்தான் இறக்கிப் போடுவார். நீங்களும் லாட்டுக்கு மூணு பை எடுத்து வச்சிருக்கறதா எழுதியிருக்கீங்க பாருங்க, உங்க கடிதத்துல எனக்கு ரொம்ப சந்தோஷம் குடுத்த வரி அது.

அந்த மூணு பைல ரெண்டை உடனே டெஸ்டுக்கு அனுப்புங்க, ஒண்ணைத் தொடாம சீல் போட்டு வைங்க. சிப்பெட் (மத்திய அரசோட பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனம்), இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் பேக்கேஜிங் மாதிரி இடங்கள்ல விசாரிச்சுப் பாருங்க, இல்லைன்னா அங்கீகாரம் உள்ள தனியார் லேப். உங்க பை 1000 கிலோ எஸ்டபிள்யூஎல் (பாதுகாப்பா தூக்கக்கூடிய எடை), 5:1 சேஃப்டி ஃபேக்டர், அதாவது டெஸ்ட்ல 5 டன் வரைக்கும் தாங்கணும், ஆனா தினசரி வேலையில ஒரு டன்னுக்கு மேல ஏத்தக்கூடாது, அதுவும் ஒரே ஒரு தடவை ரொப்பறதுக்கான பை. இதை நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்ல, ஆனா படிக்கற மத்தவங்களுக்காகச் சொல்றேன். 5:1னா அஞ்சு டன் ஏத்தலாம்னு நினைக்கற குடோன் ஆளுங்களை நான் நேர்லயே பாத்திருக்கேன்.

ரிசல்ட் நல்லா வந்தா கீழ நான் சொல்றதெல்லாம் தெம்பா செய்யலாம். தையல் விட்டுடுச்சுன்னு வந்தா மறைக்காதீங்க, அந்த லாட்ல மிச்சம் எங்கயாவது இருந்தா நிறுத்தச் சொல்லி அன்னிக்கே எழுத்துல அனுப்புங்க, அந்த 11 பைக்கு உண்டான நியாயமான நஷ்டத்தை நீங்களே முன்வந்து பேசுங்க. அப்பவும் உங்க பாக்கி ஒண்ணும் செத்துப் போயிடாது. மத்த மூணு இன்வாய்ஸுக்கும் அந்தத் தையலுக்கும் சம்பந்தமே இல்ல.

8 லட்சம் எங்க இருந்து வந்துச்சு?

மூணாவது லாட் 900 பை, பை 700 ரூபாய், ஜிஎஸ்டி சேத்தாலும் 7 லட்சத்து 43 ஆயிரத்து சொச்சம்தான். 11 பை பிஞ்சதுக்கு மொத்த லாட்டோட விலையை விட அதிகமா டெபிட் நோட் போட்டிருக்காங்க. நஷ்ட ஈடுன்னா அவங்களுக்கு நிஜமா என்ன நஷ்டம்னு கணக்கு காட்டணும், எவ்வளவு பவுடர் கொட்டுச்சு, அதோட விலை என்ன, எவ்வளவு திரும்ப அள்ளினாங்க, இதெல்லாம். மீதி 889 பையைத் திருப்பி அனுப்பலை, ரொப்பி கப்பல் ஏத்திட்டாங்கன்னு நீங்க எழுதியிருக்கீங்க. பொருளை வாங்கி நியாயமான காலம் தாண்டியும் வேண்டாம்னு சொல்லாம வச்சுக்கிட்டாலோ, தன் பொருளாவே உபயோகிச்சுட்டாலோ ஏத்துக்கிட்டதாத்தான் அர்த்தம்னு 1930ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டத்தோட 42வது பிரிவு சொல்லுது. அதை விட முக்கியம், புகார் சொன்னதுக்கு அப்புறம்தான் 6 லட்சம் போட்டிருக்காங்க, அப்ப ஒரு வார்த்தை டெபிட் நோட் பத்திப் பேசலை.

ஆனா இங்க நீங்க நினைச்சிருக்கற ஒரு விஷயத்தைத் திருத்தணும். 15 நாளுக்குள்ள எழுத்துல ஆட்சேபம் சொல்லலைன்னா அவங்க புகாரே செல்லாதுன்னு உங்க ஆடிட்டர் சொன்னதா எழுதியிருக்கீங்க. பாதிதான் சரி. சிறு குறு தொழில் சட்டத்துல அந்த 15 நாள் எதுக்குன்னா, சரக்கை என்னிக்கு ஏத்துக்கிட்டாங்கன்னு முடிவு பண்ண, அதாவது பணம் குடுக்க வேண்டிய நாள் எதுலருந்து ஓடுதுன்னு பாக்க. அவங்க ஆட்சேபம் சொல்லாததால டெலிவரி நாளே ஏத்துக்கிட்ட நாள். குறைபாட்டுக்கு நஷ்ட ஈடு கேக்கற உரிமை அதனால முழுசா போயிடாது, கவுன்சில்லயே அவங்க எதிர் கோரிக்கை வைக்கலாம்னு 2021ல உச்ச நீதிமன்றம் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்குல சொல்லியிருக்கு. அதனாலதான் டெஸ்ட் டெஸ்ட்னு அடிச்சுக்கறேன்.

இன்னொண்ணு, அவங்க அனுப்பின போட்டோவை நானும் பெருசாக்கிப் பாத்தேன். ரெண்டு லூப்பை மட்டும் ஃபோர்க்லிஃப்ட் ஃபோர்க்ல மாட்டி ஒரு பக்கமா தொங்குது, நாலு லூப்பும் மாட்டலை. பின்னாடி வெட்டவெளியில பை கட்டுக் கட்டா வெயில்ல கிடக்கு. ரெண்டு மாசம் ஆந்திரா வெயில்ல கிடந்தா பிபி துணி எப்படி பலம் இழக்கும்னு உங்களுக்குத் தெரியும். அந்த போட்டோவை அழிச்சிடாதீங்க, போனை மாத்தறதுன்னாலும் பழைய போனை அப்படியே வைங்க. பிஞ்ச 11 பையையும் பாக்கணும், எங்க இருக்கு, யார் வந்து பாக்கலாம்னு கேட்டு இமெயில் போடுங்க. பை இல்லைன்னு பதில் வந்தா அதுவும் நமக்கு ஒரு ஆவணம்தான்.

டெபிட் நோட்டை உங்க புக்ஸ்ல ஏத்தாதீங்க. ஜிஎஸ்டி சரி பண்ணலாம்னு அவசரப்பட்டு அக்கவுண்டன்ட் 8 லட்சத்துக்கு கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைச்சுக்கறோம்னு நம்ம தர்ற சீட்டு) போட்டுட்டார்னா, நீங்களே தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும், அப்புறம் எந்த வக்கீல் வந்தாலும் பேசறது கஷ்டம். இன்னிக்கே அவர்கிட்ட சொல்லிடுங்க.

90 நாள்னு கையெழுத்துப் போட்டுட்டேனே

போட்டா என்ன? மேல சொன்ன சிறு குறு தொழில் சட்டம், அதாவது எம்எஸ்எம்இடி சட்டம் 2006, 15வது பிரிவு, எழுத்துல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல போக முடியாது. உங்களுக்கு 2021லயே உத்யம் ரிஜிஸ்ட்ரேஷன் (சிறு தொழில்னு அரசுகிட்ட பண்ற பதிவு) இருக்கு, சப்ளைக்கு முன்னாடியே இருக்கறது பெரிய பலம், சப்ளை பண்ணிட்டு அப்புறம் ரிஜிஸ்டர் பண்ணி வர்றவங்களைத் திருப்பி அனுப்பற நிலைமைதான் நடக்குது. 46வது நாள்லருந்து வட்டி ஓடுது, ரிசர்வ் பேங்க் அறிவிக்கற பேங்க் ரேட்டோட மூணு மடங்கு, மாசாமாசம் கூட்டு வட்டி. 2023 பிப்ரவரியில இருந்து 2025 பிப்ரவரி வரைக்கும் பேங்க் ரேட் 6.75ஆ இருந்தது, அப்படின்னா 20.25 சதவீதம், அதுக்கப்புறம் ரேட் இறங்கியிருக்கு, அந்தந்த காலத்துக்கு அந்தந்த ரேட்டைப் போட்டு ஆடிட்டரை ஒரு ஷீட் தயார் பண்ணச் சொல்லுங்க.

வழக்கு அவங்க ஊர் கோர்ட்லதான்கிற வரியைப் பாத்தும் பயப்படாதீங்க. சப்ளை பண்றவங்க எந்த ஊரோ அங்க இருக்கற ஃபெசிலிடேஷன் கவுன்சிலுக்கு (நான் மேல சொன்ன கவுன்சில் இதுதான்), வாங்கினவங்க இந்தியாவுல எங்க இருந்தாலும் அதிகாரம் உண்டுன்னு 18வது பிரிவுலயே இருக்கு. கோயம்புத்தூர்லயே கவுன்சில் இருக்கு. தனியா ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்கு வெளிய நடுவர் விசாரணை) உண்டுன்னு ஒப்பந்தத்துல போட்டிருந்தாலும் இந்தச் சட்டம்தான் மேலன்னு 2022 அக்டோபர்ல மகாகாளி ஃபுட்ஸ் வழக்குல உச்ச நீதிமன்றம் தீர்த்து வச்சிடுச்சு. அதுக்கான அரசு போர்ட்டல்ல ஆன்லைன்லயே மனு போடலாம், பிஓ, இன்வாய்ஸ், ஈவே பில், எல்ஆர் (லாரி ரசீது) காப்பி, லெட்ஜர், உத்யம் சர்டிபிகேட் எல்லாம் ஸ்கேன் பண்ணி வைங்க. முதல்ல சமரசம் பேசுவாங்க, முடியலைன்னா ஆர்பிட்ரேஷன். 90 நாள்ல முடிக்கணும்னு சட்டம் சொல்லுது, நடைமுறையில அதை விட நிறைய நாள் இழுக்கும், ஒரு வருஷமும் ஆகலாம், அந்த மனசோட போங்க. தீர்ப்பு உங்க பக்கம் வந்து அவங்க அதை எதிர்த்துப் போகணும்னா 75 சதவீதத்தை முதல்ல டெபாசிட் பண்ணணும், அதனாலயே பாதி பேர் நடுவுல செட்டில்மென்ட்டுக்கு வந்துடறாங்க.

நாலாவது இன்வாய்ஸ்ல ஒரு சிக்கல்

இதைப் படிச்சிட்டு மனசு ஒடிஞ்சிடாதீங்க. நாலாவது லோடு நீங்க தைச்சதில்ல, குஜராத்ல ஒரு ஃபேக்டரியில ரெடியா வாங்கி அப்படியே மாத்தி அனுப்பினதுன்னு எழுதியிருக்கீங்க, 5 லட்சத்து 80 ஆயிரம். அது டிரேடிங். மொத்த, சில்லறை வியாபாரிகளுக்கும் உத்யம் குடுக்கலாம்னு 2021 ஜூலை 2ம் தேதி மத்திய அரசு சொன்னது உண்மை, ஆனா முன்னுரிமைக் கடனுக்கு மட்டும்தான்னு அதே உத்தரவுல இருக்கு. 45 நாள், மூணு மடங்கு வட்டி, கவுன்சில், இதெல்லாம் வாங்கி விக்கற சரக்குக்குக் கிடைக்காது. நாலையும் ஒண்ணாப் போட்டுக் கொண்டு போனா எதிர்த்தரப்பு வக்கீல் இதைப் பிடிச்சுக்கிட்டு மொத்தத்தையும் குழப்புவார்.

வழி இருக்கு. அந்த 6 லட்சம் எந்த இன்வாய்ஸுக்குன்னு அவங்க சொல்லலை இல்லையா, ஒப்பந்தச் சட்டத்தோட 60வது பிரிவுப்படி, பணம் குடுக்கறவங்க சொல்லாத பட்சத்துல அந்தப் பணத்தை வாங்கிக்கறவங்க தன் இஷ்டப்படி எந்த நியாயமான பாக்கிக்கு வேணாலும் வரவு வச்சுக்கலாம். 6 லட்சம் வந்தப்ப நாலாவது இன்வாய்ஸோட 90 நாளும் முடிஞ்சிருந்தது, அதனால அதுவும் கெடு தாண்டின பாக்கிதான். முதல்ல அதை அதுல கழிச்சு, மீதி 20 ஆயிரத்தை முதல் இன்வாய்ஸுக்கு வரவு வச்சு, அப்படி வச்சிருக்கோம்னு இமெயில்ல தெரியப்படுத்துங்க. ஒரே ஒரு நிபந்தனை, ஏற்கனவே பழைய இன்வாய்ஸுக்கு வரவு வச்சு அவங்களுக்கு ஸ்டேட்மென்ட் அனுப்பியிருந்தா மாத்த முடியாது. அனுப்பலைன்னா மிச்சம் இருக்கற 21 லட்சத்து 60 ஆயிரமும் நீங்க கையால தைச்ச சரக்குக்கு உண்டானது.

செக், போலீஸ், என்சிஎல்டி

போலீஸ் வேண்டாம். ஆரம்பத்துலயே ஏமாத்தற எண்ணம் இருந்ததுன்னு காட்டினாத்தான் மோசடி, இவங்க 6 லட்சம் குடுத்திருக்காங்க, சிவில் தகராறுன்னு சொல்லி அனுப்பிடுவாங்க. என்சிஎல்டிக்கு 2020 மார்ச்ல இருந்து குறைஞ்சது 1 கோடி பாக்கி வேணும், அதோட தரம் பத்தித் தகராறு இருக்குன்னு காட்டினாலே அங்க நிக்காது.

செக்கை அவசரமா பேங்க்ல போடாதீங்க, சும்மாவும் வைக்காதீங்க. கையெழுத்துப் போட்டுக் குடுத்த செக்ல தேதியை நீங்க நிரப்பினதால மட்டும் அது செல்லாமப் போகாது, பாக்கி 5 லட்சத்தை விட அதிகம், அதனால தொகையிலயும் பிரச்சனை இல்ல. தேதி போட்டா அதுலருந்து மூணு மாசம்தான் உயிர். ரிட்டர்ன் ஆனா பேங்க் தகவல் கிடைச்ச 30 நாளுக்குள்ள நோட்டீஸ், பணம் கட்ட அவங்களுக்கு 15 நாள், அதுக்கப்புறம் ஒரு மாசத்துக்குள்ள மாஜிஸ்திரேட் கோர்ட்ல புகார், ஒரு நாள் தவறினாலும் கஷ்டம். வழக்கு உங்க பேங்க் பிராஞ்ச் இருக்கற ஊர்லயே போடலாம். ஆனா செக்குன்னு போனா அந்த நாளோட அவங்க கூட உறவு முடிஞ்சதுன்னு வைங்க. உங்க வியாபாரத்துல இத்தனை பெரிய பங்கு அவங்க கையில இருக்கறப்ப, நானா இருந்தா செக்கைக் கடைசியில வச்சுக்குவேன்.

முதல்ல நான் அனுப்பச் சொல்றது அவங்க பர்சேஸ் மேனேஜருக்கு இல்ல, அக்கவுண்ட்ஸுக்கும் ஆடிட்டருக்கும் ஒரு மரியாதையான இமெயில். 180 நாளுக்குள்ள சப்ளையருக்குப் பணம் குடுக்கலைன்னா, வாங்கினவங்க அந்தச் சரக்குக்கு எடுத்த ஜிஎஸ்டி கிரெடிட்டை (வரிக்கழிவை) வட்டியோட திருப்பணும். 2023 பட்ஜெட்ல 43பி எச்னு வந்த வருமான வரி விதிப்படி, குறு சிறு நிறுவனத்துக்கு கெடுவுக்குள்ள குடுக்காத தொகையை, குடுக்கற வருஷம் வரைக்கும் வருமான வரியில செலவாக் காட்ட முடியாது. கம்பெனியா இருந்தா 45 நாள் தாண்டின எம்எஸ்எம்இ பாக்கியை ஆறு மாசத்துக்கு ஒருக்கா கம்பெனிப் பதிவாளர்கிட்ட எம்எஸ்எம்இ-1 படிவத்துல சொல்லணும். இந்த மூணையும் மிரட்டற தொனி இல்லாம, உத்யம் சர்டிபிகேட்டை இணைச்சு, "எங்க பாக்கியை இப்படி வகைப்படுத்தியிருக்கீங்களான்னு உறுதி பண்ணுங்க"ன்னு கேளுங்க. கூடவே பேலன்ஸ் கன்ஃபர்மேஷனும் (இவ்வளவு பாக்கின்னு உறுதி பண்ற கடிதம்) கேளுங்க, அவங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தா வழக்கு போடறதுக்கான மூணு வருஷக் காலக்கெடு அன்னியிலருந்து புதுசா ஓடும். பர்சேஸ் ஆள் ஆறு மாசம் இழுத்தடிச்சதை ஆடிட்டர் ஒரு போன்ல முடிச்சு வச்சதை நான் பாத்திருக்கேன்.

8 லட்சத்தை விட்டுக்குடுக்கலாமான்னு கேட்டீங்க. டெஸ்ட் ரிசல்ட் வர்ற வரைக்கும் வாயால கூட சொல்லாதீங்க. ரிசல்ட் உங்க பக்கம் வந்தா, வட்டியில கொஞ்சம் விட்டுக்குடுங்க, அசல்ல வேண்டாம், பிஞ்ச 11 பைக்குப் பதிலா வியாபார நல்லெண்ணத்துக்காக 11 பை புதுசா தர்றோம்னு வேணும்னா எழுதுங்க, தப்பை ஒத்துக்கிட்டு இல்லைன்னு அதே வரியில சேத்து. எந்த செட்டில்மென்ட்டா இருந்தாலும் பணம் வர்ற தேதி, தொகை, தவறினா முழு வட்டியும் உண்டுங்கற வரி, மூணும் பேப்பர்ல இருக்கணும்.

கடைசியா, நீங்க கேக்காத ஒண்ணு. இவங்க பணம் வரலைன்னு, துணி ரோல் குடுக்கற சின்ன மில்லுக்கு நீங்க ஏழு மாசமா 4 லட்சம் நிறுத்தி வச்சிருக்கறதா நடுவுல ஒரு வரி எழுதியிருக்கீங்க. அவங்களும் உத்யம் வச்சிருக்கற மில்லாத்தான் இருக்கும், அப்படின்னா உங்க மேலயும் அதே 45 நாள், அதே மூணு மடங்கு வட்டி, அதே 43பி எச். ஆந்திரா பணம் வந்தாத்தான்னு அவங்களைக் காக்க வைக்காதீங்கம்மா. இந்த வாரமே அந்த மில்காரரை நேர்ல போய்ப் பாத்து, மாசம் 50 ஆயிரமோ முடிஞ்சதோ தேதி போட்டு எழுதிக் குடுத்துட்டு வாங்க. அப்புறம் லேப் ரிசல்ட்டோட எனக்கு எழுதுங்க, கவுன்சில் மனுவை அதைப் பாத்துட்டு சேந்து தயார் பண்ணலாம்.